டொம்னிகாவின் கால்கள்

யாஷி நகரத்து மருத்துவமனையிலிருந்து வேனில் திரும்பி, பையைக் கையில் பிடித்தபடி லிஃப்டுக்காக நின்றிருந்த டொம்னிகாவை, குப்பை வாளியோடு வந்த கீழ்வீட்டு வசிலாக்கே பிடித்துக்கொண்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பேச ஆள் கிடையாது. ஒருவர் அகப்பட்டால் லேசில் விடமாட்டார்.

"நேத்து ராத்திரி என்னதாம்மா ஆச்சு உங்களுக்கு? விடிய விடிய நடந்து தீர்த்துட்டீங்க. நானும் ஹீட்டர் குழாயில தட்டித் தட்டி ஓஞ்சு போனேன்."

நேற்று ராத்திரி டொம்னிகா இந்தப் பொட்டொஷானி ஊரிலேயே இல்லை. யாஷியில், தலையிலும் மார்பிலும் கால்களிலும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு, கேமராவுக்குக் கீழே படுத்திருந்தாள்.

"நேத்து நான் வீட்டிலயே இல்லீங்களே ஐயா."

"அப்ப யாரு, மேயர் வந்து நடந்துட்டுப் போனாரா?" வசிலாக்கே சிரிக்காமல் கேட்டார். "உங்க நடை எனக்குத் தெரியாதா? சமையலறையில ஆரம்பிச்சு அலமாரி வரைக்கும். அங்க ஒரு சின்ன நிறுத்தம். அப்புறம் திரும்பி வருவீங்க. எத்தனை மாசமாக் கேட்கிறேன், தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன்."

"முந்தாநேத்தா இருக்கும். நாள் மாறிப்போச்சு உங்களுக்கு."

"இருக்கும், இருக்கும். கிழவனுக்கு எல்லாமே மாறிப்போகும்." அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நம்பவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. மழையில் நனைந்த தோல் செருப்பை அடுப்புப் பக்கம் வைத்தால் எழுமே, அந்த வாடை. ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. மடித்துவைத்த துணி மடித்தபடி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் கவிழ்த்தபடி இருந்தது. நடைவழியில் விரித்த நீளக் கம்பளத்தின் ஓரம் மட்டும், அலமாரிக்கு முன்னால், யாரோ அங்கேயே நின்று நின்று திரும்பியதுபோல் சுருண்டு கிடந்தது. அவள் காலால் தேய்த்துச் சரிசெய்தாள். ஊருக்குப் போகும் அவசரத்தில் தானே சுருட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கால்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வலி என்றால் வலி இல்லை, அரிப்பு என்றால் அரிப்பு இல்லை. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கும் சதைக்கும் நடுவில், எதுவோ ஊர்ந்தது. பகல் முழுக்க சட்டைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்வரை அது சத்தமில்லாமல் கிடக்கும். ராத்திரி போர்வையை இழுத்து, கண்ணை மூடி, உடம்பு தூக்கத்தின் விளிம்புக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். பிறகு ஆரம்பிக்கும். எழுந்து நடந்தால்தான் விடும். நின்றால் மறுபடி. படுத்தால் மறுபடி. சமையலறையிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து சமையலறை என்று அவள் நடக்க, கீழே வசிலாக்கே கரண்டியால் குழாயில் தட்ட, எல்லா மாடிக்கும் ஒரே குழாய் என்பதால் கட்டடமே விழித்துக்கொண்டு அவளைத் திட்டும்.

கல்யாணமான நாளிலிருந்தே கொஞ்சம் உண்டுதான். "என் நடையெல்லாம் உனக்குத் தொத்திக்கிச்சு," என்று அவள் புருஷன் இலாரியோன் கிண்டல் செய்வான். அவன் தபால்காரன். சைக்கிளும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம் என்று ஊர் முழுக்கக் காலாலேயே அளந்தவன். கடந்த மாசி மாதக் குளிரில் அவன் மாரடைத்து இறந்து, அவனுடைய சொந்தக் கிராமத்தில் அடக்கமான பிறகுதான் அது இப்படித் தலைக்கு மேல் போனது. அன்றிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் முழுசாகத் தூங்கவில்லை. மெஷின் முன்னால் கண் சொக்கி, ஊசி விரலில் இறங்கியது. மேற்பார்வையாளர் பெண் நல்லவள்தான். ஆனாலும், "இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால மறைக்க முடியாது அக்கா," என்று சொல்லிவிட்டாள்.

டொம்னிகா குடும்ப டாக்டரிடம் போனாள். அவர் மக்னீசியம் மாத்திரை எழுதினார். புருஷன் போன துக்கம், நரம்புத் தளர்ச்சி, நாலு பேரோடு பழகுங்கள் என்றார். கடையில் விற்கும் குதிரைத் தைலம் தேய்த்தாள். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டாள். அரசு மருத்துவமனையில் தூக்க வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த வசந்தம்வரை வரிசையில் காத்திருக்கவேண்டும் என்று போனில் ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள். தனியார் என்றால் அடுத்த வாரமே. ஆனால் அந்த ஒரு ராத்திரிப் படுக்கைக்கு அவர்கள் கேட்ட தொகையைக் கேட்டு அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவ்வளவு பணம் அவளிடம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. இலாரியோனின் வருஷ நினைவுநாளுக்கும், கல்லறையில் மரச்சிலுவையை எடுத்துவிட்டுக் கல்சிலுவை நடவும் ஒதுக்கியிருந்த பணம். அதை எடுத்துக்கொண்டு யாஷிக்கு வேன் ஏறினாள்.

அங்கே டாக்டர் ஸ்மரண்டா, சின்ன வயசுப் பெண், அவள் சொன்னதை நடுவில் வெட்டாமல் கேட்டார். கேட்டுவிட்டு, "இது உங்க கற்பனை இல்ல. இதுக்குப் பேரே இருக்கு, ஓயாத கால் நோய்," என்றார். அவ்வளவுதான். டொம்னிகா அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டாள். பேர் இருக்கிறது என்று யாராவது சொல்வதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ராத்திரி முழுக்கப் பதிவானதை மறுநாள் காலையில் டாக்டர் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். சாம்பல் நிறப் படத்தில், போர்வைக்குக் கீழே இரண்டு மேடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"பொதுவா கால் உதறும். விட்டு விட்டு இழுக்கும். உங்களுது கொஞ்சம் விசித்திரமா இருக்கு," என்று டாக்டர் பேனாவால் திரையைத் தொட்டார். "பாருங்க, இடது, வலது, இடது, வலது. படுத்துக்கிட்டே நடக்கிறீங்க. நடுவுல ஒரு சின்ன நிறுத்தம்கூட வருது."

"எங்க வீட்டு நடைவழி சின்னது டாக்டர் அம்மா. சுவர் வந்தாத் திரும்பணும்ல?" என்றாள் டொம்னிகா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ரத்தத்தில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருக்கிறது என்று அதற்கொன்று, கால்களுக்கென்று சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. "அரை மாத்திரையில ஆரம்பிங்க. கூட்டணும்னா என்னைக் கேட்டுட்டுக் கூட்டுங்க. சிலருக்கு இதுல ராத்திரி ஏதாவது தெரியற மாதிரி, கேட்கிற மாதிரி இருக்கும். அப்படி இருந்தா உடனே போன் பண்ணுங்க." மாத்திரைக்கும் தனியாகப் பணம். கல்சிலுவையில் மிச்சமிருந்த கடைசித் துண்டும் அதோடு போயிற்று.

அன்று சாயங்காலம்தான் லிஃப்டுக்குப் பக்கத்தில் வசிலாக்கே அவளைப் பிடித்தது.

அன்றைக்கு அரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். கால்களில் எப்போது ஊறத் தொடங்கும் என்று காத்திருந்தாள். காத்திருந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். கீழே பால் வண்டி போகும் சத்தம். அவளுக்கு முதலில் என்ன நடந்தது என்றே புரியவில்லை. பிறகு போர்வைக்குள் காலை நீட்டி, மடக்கி, நீட்டிப் பார்த்தாள். யாருடைய வீட்டுக் கால்களோ என்பதுபோல் அவை சாதுவாகக் கிடந்தன. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். போன பணம் போகட்டும். இந்த ஒரு காலைக்கே தகும்.

அந்த வாரம் முழுக்கத் தூங்கினாள். முகத்தில் ரத்தம் ஏறியது. தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரி, "யாரையாவது பிடிச்சுட்டியாடி, இப்படி மினுக்குறே?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள். வீட்டுக்கு வரும்போது டொம்னிகா ஒரு பெரிய ஆப்பிள் கேக் வாங்கி, பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு வசிலாக்கேயின் கதவைத் தட்டினாள். இத்தனை மாதம் அவர் தூக்கத்தைக் கெடுத்ததற்கு ஒரு சமாதானம்.

அவர் கதவைத் திறந்து கேக்கையும் அவளையும் பார்த்தார். கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"நடை நின்னுடுச்சும்மா, ஒத்துக்கிறேன். நன்றி. ஆனா இந்தக் குதிக்கிறதை எப்ப நிறுத்தப் போறீங்க?"

"என்ன குதிக்கிறது?"

"என்னைக் கேட்டா? ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு, தொம். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. மறுபடியும் தொம். டாக்டர் சொன்ன உடற்பயிற்சியா? பகல்ல செய்யக் கூடாதா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து நான் குழாயில தட்டினேன். அது நிக்கல. குழாய் இருக்கிற பக்கமா வந்துச்சு. நேரா என் தலைக்கு மேல வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் நான் தட்டலம்மா."

கேக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு டொம்னிகா படியேறி வந்தாள். லிஃப்ட் வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்றைக்கு அவள் மாத்திரை போட்டுக்கொண்டாள், ஆனால் தூங்கவில்லை. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, விளக்கை அணைக்காமல், கட்டடம் ஒவ்வொரு சத்தமாக அடங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே யாரோ தொட்டியைக் காலி செய்ய, தண்ணீர் சுவருக்குள் நெடுக இறங்கிப் போனது. லிஃப்ட் எங்கோ நின்று, கதவு அடித்து, பிறகு வெகுநேரம் எழும்பவே இல்லை. ஹீட்டர் குழாய் சூடு குறையக் குறைய டிக் டிக்கென்று சுருங்கியது. வெளியே காற்று பால்கனிக் கொடிக் கம்பியைப் பிடித்து ஆட்டி, சலித்து, விட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வாடை வந்தது. நனைந்த தோல். அதற்கடியில் அணைத்த மெழுகுவர்த்தித் திரியின் புகை, அதற்கும் அடியில் வெட்டிப்போட்ட பச்சை மண்.

சமையலறையில், தொம்.

அங்கே கண்ணாடி டம்ளர்கள் அடுக்கில் லேசாகக் குலுங்கின. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. ஏதோ கனமானது தன் நிலையைச் சரிசெய்துகொள்வதுபோல் ஒரு உரசல். துணி துணியோடு உரசும் சத்தம்.

தொம்.

நடைவழிக்கு வந்துவிட்டது. அலமாரியை நோக்கி வந்தது. அங்கே நின்றது. திரும்புவதற்கு அது படும் பாட்டை அவள் கேட்டாள். கம்பளத்தின்மேல் சின்னச் சின்னதாய், அரைக் குதி, கால் குதி. பிறகு திரும்பிவிட்டது. சமையலறைக்குப் போனது. மறுபடி வந்தது.

பொழுது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. டொம்னிகா எழுந்து போய்ப் பார்த்தபோது யாரும் இல்லை. கம்பளத்தின் ஓரம் சுருண்டு கிடந்தது. அவள் உடனே யாஷிக்குப் போன் செய்தாள்.

"மருந்தாலதான் இருக்கும்," என்றார் டாக்டர் ஸ்மரண்டா. "கேட்கிற மாதிரி இருக்கும்னு சொன்னேன்ல? நிறுத்திடுங்க. ஒரு வாரம் பொறுங்க, வேற மருந்து பார்க்கலாம்."

"கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்குதே டாக்டர் அம்மா. அவரு என் மருந்தைச் சாப்பிடலையே."

டாக்டர், பழைய கட்டடங்களில் குழாய்ச் சத்தம் எப்படியெல்லாம் கேட்கும் என்று அன்பாக விளக்கினார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தபோது கிராமத்திலிருந்து பரஸ்கீவா கூப்பிட்டாள். இலாரியோனின் அக்கா. அவன் உடம்பு மூன்று ராத்திரி கிடந்தது இவள் வீட்டு முன்னறையில்தான்.

"சிலுவைக்காரன் வந்து நிக்கிறான் டொம்னிகா. முன்பணம் கேட்கிறான். நீ எப்ப அனுப்புறே?"

"கொஞ்சம் தள்ளிப் போகும் அண்ணி."

"தள்ளிப் போகுமா? எங்க போச்சு காசு?"

"காலுக்குப் போச்சு."

"காலுக்கா," என்றாள் பரஸ்கீவா. கோபப்படுவாள் என்று டொம்னிகா காத்திருந்தாள். வேறு ஏதோ வந்தது. "நான் ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதே. கொஞ்ச நாளா அவன் என் கனவுல வர்றான். வாசப்படியிலயே நிக்கிறான். உள்ள வாடா தம்பின்னா வரமாட்டேங்கிறான். குனிஞ்சு காலையே பார்த்துக்கிட்டிருக்கான். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நீதானே அவன் கால் கட்டை அவிழ்த்தே? நான் கேட்டேன், அவிழ்த்துட்டேன்னு சொன்னியே."

"அவிழ்த்தேன் அண்ணி," என்றாள் டொம்னிகா.

போனை வைத்த பிறகும் அவள் கை காதிலிருந்து இறங்கவில்லை. அவள் அவிழ்க்கவில்லை.

உயிர் போனதும் குளிப்பாட்டி, இரண்டு கணுக்காலையும் சேர்த்துத் துணி நாடாவால் கட்டுவார்கள், கால்கள் விலகாமல் இருக்க. மூடி போடுவதற்கு முன் அதை அவிழ்த்துவிட வேண்டும். அந்த உலகத்துக்குப் போகிறவன் தன் காலால் நடந்து போகவேண்டியவன். புருஷனுக்குப் பெண்டாட்டிதான் அவிழ்ப்பாள். இதெல்லாம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அடக்கத்தன்று அவள், மூன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தவள். எழுந்து நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்று, காலுக்குள் ஊர்வதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள். பாதிரியார் தூபத்தோடு நின்றார். வெளியே பனி கொட்டியது. போர்வைக்குள் கைவிட்டால் முடிச்சு இறுகிக் கிடந்தது. பிடித்து இழுத்தாள், வரவில்லை, விரல் விறைத்திருந்தது, அவளுடைய சொந்தக் கால்கள் இன்னும் ஒரு கணம் நிற்கமாட்டோம் என்றன. கையை எடுத்துவிட்டாள். "அவிழ்த்துட்டேன்." மூடி விழுந்ததும் வெளியே ஓடி, பனியில், முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாவம், துக்கத்தில் எப்படி நடக்கிறாள் பார் என்று பெண்கள் அழுதார்கள்.

அன்றைக்கு நடக்க ஆரம்பித்தவள்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டாள். இதை யாரிடம் சொல்வது? பாதிரியாரிடம் சொன்னால் மூடநம்பிக்கை என்பார். பரஸ்கீவாவிடம் சொன்னால் கிராமமே அவள் வாசலில் நிற்கும், குழியைத் தோண்டச் சொல்லும், போலீஸ் வரும். ஒரே ஒரு வழிதான் சுலபமானது. மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் கால்கள் திரும்ப எழுந்து நடக்கும். அவள் நடந்தால் அவன் நடப்பான். முன்பு அப்படித்தானே இருந்தது? வசிலாக்கேயும் நடையைத்தானே கேட்டார்? அவள் காலால் அவன் நடந்துகொண்டிருந்தான், யாருக்கும் பயமில்லை. அவள் தூங்காத காலம்வரை எல்லாம் சரியாக இருந்தது.

சமையலறை மேசைமேல் மாத்திரைப் பெட்டியை வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி இறங்கிய விரலில் நகம் இன்னும் முழுசாக வளரவில்லை. நாளை காலை ஷிஃப்ட். கண் எரிந்தது. திடீரென்று அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பயத்தைவிடப் பெரிய ஆத்திரம்.

"இங்க பாரு இலாரியோன்," என்று வெறும் நடைவழியைப் பார்த்துச் சொன்னாள். "தப்புத்தான். ஒத்துக்கிறேன். ஆனா நீ செத்தவன். உனக்கு நாளைக்கு வேலை கிடையாது. எனக்கு இருக்கு. நான் தூங்கணும். ஆயுசு பூரா உனக்காக நடந்துகிட்டே இருக்க என்னால முடியாது."

அரை இல்லை, முழுசாக இரண்டு மாத்திரை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். நடைவழி விளக்கு எரியட்டும் என்று விட்டாள். படுத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

மருந்து வேலை செய்தது. அதை அவள் உணர்ந்தாள். பாதத்திலிருந்து ஒரு இளஞ்சூடு ஏறி, ஆடுசதையைத் தடவி, முழங்காலில் வந்து நின்றது. அதற்குக் கீழே இத்தனை வருஷமாய் ஊர்ந்துகொண்டிருந்த எல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. என்ன ஒரு சுகம். அவள் கண்கள் தாமாக மூடின.

தொம்.

இந்த முறை சமையலறையில் இல்லை. கதவுக்கு வெளியே.

அவள் கண்ணைத் திறந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. சாத்திய ஞாபகம் இருந்தது. நடைவழி வெளிச்சம் தரையில் நீளமாய் விழுந்து, படுக்கையின் கால்மாட்டுக்கு முன்னால் முடிந்தது. வெளிச்சத்தில் யாரும் இல்லை. வாடை மட்டும் வந்தது. பச்சை மண்.

தொம்.

படுக்கை அதிர்ந்தது.

எழுந்திரு என்றாள் தனக்குத்தானே. எழுந்து ஓடு. நட. இப்போது நட. ஆயுசு முழுக்க அவளை எழுப்பிவிட்ட கால்கள், வேண்டாம் வேண்டாம் என்றபோதெல்லாம் அவளைத் தூக்கிக்கொண்டு போன கால்கள், போர்வைக்குள் அமைதியாகக் கிடந்தன. அசையவில்லை. கட்டைவிரல்கூட.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

"இலாரியோன்," என்றாள். "நாளைக்கே வர்றேன். வந்து அவிழ்க்கிறேன். சத்தியமா."

போர்வையின் ஓரம் தூக்கப்பட்டது. குளிர். இரண்டு கைகள் அவள் கணுக்கால்களைப் பிடித்தன. கொடுமையாக இல்லை. வருஷக்கணக்கில் கட்டுக் கட்டாய்க் கடிதம் பிரித்த கைகள், சரியான முகவரியைத் தேடுவதுபோல், பொறுமையாகத் தடவிப் பார்த்தன. இடது. வலது. அவளுக்கு வலிக்கவில்லை. ஒன்றுமே வலிக்கவில்லை.

மெத்தை நிமிர்ந்தது.

பிறகு நடை.

தொம் இல்லை. நடை. இடது, வலது, இடது, வலது. தங்குதடை இல்லாமல், வெறுங்காலில், லேசாக, அறையைவிட்டுப் போயிற்று. சமையலறை வரைக்கும் போய்த் திரும்பியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அவிழ்ந்துவிட்டது. போய்விட்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. விளக்கைப் போட எழவேண்டும் என்று கையை ஊன்றினாள்.

எழ முடியவில்லை.

போர்வையைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே அது தட்டையாக இருந்தது.

கையால் அழுத்தினாள். மெத்தை. இன்னும் கீழே அழுத்தினாள். மெத்தை. ரத்தம் இல்லை, ஈரம் இல்லை. இழுத்து நீவிவிட்ட விரிப்பு.

வாசலில் வெளிச்சத்தின் குறுக்கே இரண்டு கால்கள் நடந்துபோயின. முழங்காலுக்கு மேலே வெறும் இருட்டு. பெண்ணின் கால்கள். இடது சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பிறவியிலிருந்தே அது அப்படித்தான்.

அவள் கத்தினாள். கத்தினாள் என்று நினைத்தாள்.

வெளிக்கதவின் தாழ்ப்பாள் விலகியது. கால்கள் படியில் இறங்கின. காதில் கேட்டதோடு நிற்கவில்லை. அவளுக்கு அது உள்ளங்காலில் தெரிந்தது. இல்லாத உள்ளங்காலில். படியின் சில்லென்ற சிமெண்ட். தெருவின் ஈரத் தார். சரளைக் கல். ஊர் முடிந்து, உழுத வயலின் கட்டி கட்டியான மண். கால்கள் ஓயவில்லை. ராத்திரி முழுக்க, கல்லும் முள்ளும் குளிரும் ஒவ்வொன்றாய் ஏறி வர, கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கிடந்தாள்.

ஜன்னல் வெளுக்கும் நேரத்தில் நனைந்த புல் உள்ளங்காலில் பட்டது. பிறகு தளர்வான மண். விரலில் மரச்சிலுவையின் அடி இடித்தது.

அங்கே கால்கள் நின்றன. ஓய்ந்தன.

மண் விரலிடுக்கில் நுழைந்தது. கணுக்கால்வரை ஏறியது. முழங்கால்வரை ஏறியது. கனமாக, ஜில்லென்று, அவசரமில்லாமல். டொம்னிகா போர்வையை உதறினாள். படுக்கையில் ஒரு துளி மண் இல்லை. வெள்ளை விரிப்பு, வெளிச்சம், அவளுடைய இரண்டு தொடைகள். தொடையின் தோல், எதுவோ இறுக்கிப் பிடித்ததுபோல் மெல்ல மெல்ல உள்ளே அமுங்கியது. அந்த அமுக்கம் இடுப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.